ஸ்பானிய மொழியின் இரண்டு நேற்றுகள்

காபியில் தொடங்கலாம். ஸ்பானிய மொழியில் ‘தோமொ கஃபே’ என்றால் ‘காபி குடிக்கிறேன்’. ‘தொமோ கஃபே’ என்றால் ‘காபி குடித்தான்’. எழுதிக் காட்டினால் இரண்டு வினைகளுக்கும் அதே நான்கு எழுத்துகள்தான். இரண்டாவதில் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு ஏறியிருக்கும், அவ்வளவே. அந்தக் கோடு ஏறியதும் ஆளும் மாறிவிடுகிறார், காலமும் மாறிவிடுகிறது. இப்போது கையில் டம்ளரோடு இருப்பவர் மறைந்து, எப்போதோ குடித்துவிட்டுப் போன யாரோ ஒருவர் வந்து நிற்கிறார்.

தமிழர் ஸ்பானிய மொழி பேசத் தொடங்கும்போது முதலில் இடறுவது இங்கேதான். போட்டோ, ரேடியோ, ஆட்டோ என்று பழகிய நாக்கு கடைசி ஓகாரத்தை நீட்டாமல் விடாது. குறில் ஒகரத்தில் முடியும் சொல் தமிழில் கிடைப்பது அரிது. ஆகவே அதை அப்படியே நிறுத்தப் பழக்கமில்லை. ‘டோமோ’ என்று இரண்டு பக்கமும் நீட்டிச் சொன்னால் கேட்கும் மெக்சிகோக்காரருக்கு யார் குடித்தது, எப்போது குடித்தது என்று இரண்டும் புரியாது.

ஆனால் இந்த வியாதிக்கு மருந்தும் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ஸ்பானிய மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். அழுத்தம் பெறும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதிக்கொண்டால், ஸ்பானியர் சாய்கோடு போட்டுக் காட்டுவதைத் தமிழ் எழுத்து கோடில்லாமலே காட்டிவிடும். அழுத்தமும் நீட்டமும் ஒன்றல்ல என்று ஒலியியல்காரர் முகம் சுளிக்கலாம். அழுத்தும்போது குரல் உயர்கிறது, கொஞ்சம் நீளவும் செய்கிறது. வகுப்பறைக்கு அது போதும். ஆள், ஊர்ப் பெயர்கள் நீங்கலாக, இந்த உரையில் வரும் ஸ்பானியச் சொற்கள் எல்லாம் அந்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இதன் பலனைப் பார்க்க மூன்று சொற்களை வாய்விட்டுச் சொன்னால் போதும். ‘தேர்மினொ’ என்றால் முடிவு, எல்லை. ‘தெர்மீனொ’ என்றால் முடிக்கிறேன். ‘தெர்மினோ’ என்றால் முடித்தான். நெடில் ஒவ்வோர் இடமாக நகர்கிறது. பொருளும் கூடவே நகர்கிறது.

இனி வினைக்கு வரலாம். ஸ்பானிய வினைச்சொற்கள் அகராதியில் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்ற மூன்று ஈறுகளில் ஏதாவது ஒன்றில்தான் முடியும். ‘தொமார்’ என்றால் எடுத்தல், குடித்தல். ‘கொமேர்’ சாப்பிடுதல். ‘எஸ்க்ரிவீர்’ எழுதுதல். ஈற்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் காலமும் இடமும் வந்துவிடும். தொமே, குடித்தேன். தொமாஸ்தெ, குடித்தாய். தொமோ, குடித்தான். தொமாமொஸ், குடித்தோம். தொமாரொன், குடித்தார்கள். ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளுக்கு இந்தக் காலத்தில் தனித்தனி ஈறு கிடையாது. ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் அண்ணன் தம்பி மாதிரி. கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். எழுதுதலுக்கும் இதே: எஸ்க்ரிவீ, எஸ்க்ரிவீஸ்தெ, எஸ்க்ரிவியோ.

ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லாரும் குடித்தீர்கள்’ என்று நெருங்கியவர்களிடம் சொல்ல ‘தொமாஸ்தெயிஸ்’ என்று ஆறாவது வடிவம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் அதைப் பேச்சில் கேட்க முடியாது. அங்கே ‘தொமாரொன்’ என்பதே ‘குடித்தார்கள்’ என்றும் ‘குடித்தீர்கள்’ என்றும் இரட்டை வேலை பார்க்கிறது.

‘நான்’, ‘நீ’ என்று சொல்லவே தேவையில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். ஆங்கிலம் வழியாக இந்த மொழிக்கு வருபவர்களுக்கு இது பெரிய அதிசயம். ‘குடித்தேன்’ என்றதும் யார் குடித்தது என்று கேட்காத தமிழருக்கு இதில் என்ன அதிசயம்? ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்பானிய மொழி தமிழைவிடச் சிக்கனம். குடித்தான், குடித்தாள், குடித்தார், குடித்தது என்று தமிழ் நான்காகப் பிரிப்பதை எல்லாம் ‘தொமோ’ ஒன்றே சுமக்கிறது. மரியாதையும் அதற்குள்ளேயே அடங்கும். பெரியவரை நேரே பார்த்து ‘நீங்கள் குடித்தீர்களா’ என்று கேட்கவும் ‘உஸ்தேத்’ என்ற சொல்லோடு இதே படர்க்கை வடிவம்தான். ‘தங்கள் மேன்மை’ என்ற பொருள்கொண்ட பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து தேய்ந்து ‘உஸ்தேத்’ ஆனது. மேன்மை படர்க்கை அல்லவா, வினையும் படர்க்கையாகவே நின்றுவிட்டது. ‘ஐயா சாப்பிட்டாங்களா?’ என்று எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்துக் கேட்ட ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

ஒழுங்கான வினைதானே, பிசகு எங்கே வரப்போகிறது என்றால், ஸ்பானியர்களுக்கே வருகிறது. முன்னிலை ஒருமை வினை மற்றக் காலங்களில் எல்லாம் ‘ஸ்’ என்று முடியும். இந்த ஒரு வடிவம் மட்டும் ‘தொமாஸ்தெ’ என்று மொட்டையாக நிற்கிறது. அது பொறுக்காமல் ‘தொமாஸ்தெஸ்’ என்று ஒரு ‘ஸ்’ஸை ஒட்டிச் சொல்பவர்கள் ஸ்பெயினிலும் உண்டு, கடலுக்கு அப்பாலும் உண்டு. வாத்தியார்களின் சிவப்பு மைக்கு இது நித்திய வேலை.

எழுத்தில் இன்னொரு கண்கட்டு. தேடுதலுக்கு ‘புஸ்கார்’, தேடினேன் என்பதற்கு ‘புஸ்கே’. காதுக்கு இதில் ஒரு விகாரமும் இல்லை. ஆனால் ‘சி’ என்ற எழுத்து ஏகாரத்துக்கு முன்னால் வந்தால் அதன் ஒலி மாறிவிடும் என்பதால், ககர ஒலியைக் காப்பாற்ற அதைத் தூக்கிவிட்டுக் ‘கியூ’வையும் ‘யு’வையும் கொண்டுவருகிறார்கள். இதைப் பார்த்து ஒழுங்கற்ற வினை என்று தனிப் பட்டியலில் மனப்பாடம் செய்பவர்கள் ஏராளம். வீண் உழைப்பு. எழுத்துதான் வேடம் மாற்றுகிறது, வினை மாற்றவில்லை. பழைய ஸ்பானியப் புத்தகம் கையில் கிடைத்தால் வேறொரு வேடிக்கையும் தெரியும். ‘போனான்’, ‘கொடுத்தான்’, ‘பார்த்தான்’ போன்ற ஓரசைச் சொற்களிலும் அந்தக் காலத்தில் சாய்கோடு போட்டார்கள். 1713-ல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1959 முதல் அதை வேண்டாம் என்று எடுத்துவிட்டது. ஓரசைக்குள் அழுத்தம் வேறு எங்கே போகும்?

புதிதாகப் பிறக்கும் வினைகள் ஏறக்குறைய எல்லாமே ‘ஆர்’ கூட்டத்தில்தான் சேர்கின்றன. இணையத்தில் சாட் செய்வதற்கு ஒரு வினை வேண்டியிருந்தபோது அந்தச் சொல்லோடு ‘எயார்’ என்று ஒட்டிக்கொண்டார்கள். மறுநாளே அதற்கு இறந்தகாலம் தயார். வந்த சொல்லை எல்லாம் ‘பண்ணினேன்’ என்பதிடம் ஒப்படைத்துவிடும் தமிழ்ப் பேச்சு போல.

இதுவரை சொன்னது ஒரு வாரப் பாடம். ஆண்டுக்கணக்கில் ஆட்களை அலைக்கழிப்பது வேறொன்று. ஸ்பானிய மொழியில் எளிய இறந்தகாலம் ஒன்றல்ல, இரண்டு. ‘தொமே’ என்பதும் குடித்தேன். ‘தொமாவ’ என்பதும் ஏதோ ஒரு வகையில் குடித்ததுதான்.

இரண்டாவதன் வடிவம் மிகச் சுலபம். தொமாவ, தொமாவஸ், தொமாவ, தொமாவமொஸ், தொமாவன். மற்ற இரண்டு வகைகளுக்கும் கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயன். மொழி முழுவதிலும் இந்த வாய்பாட்டுக்கு அடங்காத வினைகள் மூன்றே மூன்று: இருத்தல், போதல், பார்த்தல். நன்னூல் படித்தவர்களுக்கு இந்த வடிவம் பிடித்துப்போகும். குடித்தோம் என்பதைப் பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பிரிப்பதுபோலத் ‘தொமாவமொஸ்’ என்பதைப் பிரிக்கலாம். ‘தொம்’ பகுதி, நடுவில் ஓர் ஆகாரம், ‘வ’ காலம் காட்டும் இடைநிலை, ‘மொஸ்’ தன்மைப் பன்மை விகுதி. ‘தொமே’ அப்படிப் பிரியாது. அதில் காலமும் இடமும் எண்ணும் ஒரே ஓர் ஏகாரத்துக்குள் உருகிக் கிடக்கின்றன. இது லத்தீன் விட்டுப்போன சொத்து. ‘அவன் நேசித்தான்’ என்பது லத்தீனில் ‘அமாவித்’. அது நடுவில் நசுங்கி ‘அமௌத்’ ஆகி, கடைசியில் ‘அமோ’ ஆயிற்று. மற்றொரு காலமோ லத்தீனில் இருந்த இடைநிலையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு ‘அமாவ’ என்று நிற்கிறது.

இந்த இரண்டுக்கும் முதன்முதலில் ஸ்பானிய மொழியிலேயே பெயர் வைத்தவர் அன்தோனியோ தெ நெப்ரிஹா. அவருடைய காஸ்திலிய இலக்கணம் 1492 ஆகஸ்ட் 18 அன்று அச்சாகி முடிந்தது. கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து பாய் விரித்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நூலின் முன்னுரையில் நெப்ரிஹா ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். சலமான்காவில் இசபெல் அரசியிடம் நூலின் மாதிரியைக் காட்டியபோது, இதனால் என்ன பயன் என்று அரசி கேட்டாராம். நெப்ரிஹா வாயைத் திறக்குமுன் அவிலா ஆயர் பதிலைப் பிடுங்கிக்கொண்டார்: அரசி வென்று அடக்கப்போகும் மக்கள் வென்றவரின் சட்டத்தையும் அதோடு மொழியையும் ஏற்கவேண்டிவரும், அப்போது இது உதவும் என்று. பின்னால் நடந்ததை நினைத்தால் அந்த முன்னுரை இன்று படிக்க இனிமையானதல்ல. ஆனால் நூலுக்குள் நெப்ரிஹா வைத்த பெயர்கள் துல்லியமானவை. ‘தொமே’ வகையை ‘முடிந்த கடந்தது’ என்றார். ‘தொமாவ’ வகையை ‘முடியாத கடந்தது’ என்றார். ஐந்நூறு ஆண்டுகளில் எத்தனையோ பெயர் மாற்றங்கள் வந்தும், ஒரு மாணவருக்கு முதல் நாளில் சொல்ல இதைவிட நல்ல பெயர் கிடைக்கவில்லை.

கடந்தது எப்படி முடியாமல் இருக்கும் என்று ஆங்கில வழியில் படிப்பவர்கள் தலையைச் சொறிவார்கள். தமிழரும் கூடவே சொறிவதுதான் வருத்தம். ஏனென்றால் தமிழர் கைக்குக் கிடைக்கும் ஸ்பானியப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கிலக்காரருக்கு எது கஷ்டமோ அதையே தமிழருக்கும் கஷ்டமாக்கிக் கொடுக்கின்றன. உண்மையில் இந்தப் பிரிவினை தமிழர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

‘தாத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார்.’ தாத்தா இறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கலாம். ‘சொல்வார்’ என்பது பள்ளிப் பாடப்படி எதிர்காலம். ஆனாலும் இந்த வாக்கியத்தைக் கேட்ட எந்தத் தமிழ்க் குழந்தையும் தாத்தா நாளைக்கு வந்து கதை சொல்லப்போகிறார் என்று நினைக்காது. வழக்கமாக நடந்ததற்குத் தமிழ் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறது. ‘ஒருநாள் தாத்தா ஒரு பேய்க்கதை சொன்னார்’ என்றால் அது ஒரு தடவை, நடந்து முடிந்தது. ஸ்பானிய மொழியில் முதல் வாக்கியத்துக்குக் ‘கொன்தாவ’, இரண்டாவதற்குக் ‘கொன்தோ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைவடிவத்தைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அந்த ஆங்கில வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானியத்துக்குப் போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. தமிழ் வாக்கியத்தோடு போனால் கதவு தானே திறக்கும். ‘சொல்வார்’ என்றோ ‘சொல்லிக்கொண்டிருந்தார்’ என்றோ தமிழில் வந்தால் முடியாத கடந்தது. வெறும் ‘சொன்னார்’ என்றால் பெரும்பாலும் முடிந்த கடந்தது.

மூன்று சிறு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘யொவீய. மி அவ்வேலொ எஸ்க்ரிவீய ஊன கார்த்த. ஆல்கியென் யமோ.’ மழை பெய்துகொண்டிருந்தது. தாத்தா கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டார்கள். முதல் இரண்டும் முடியாத கடந்தது, மூன்றாவது முடிந்தது. நாடக மேடையில் பின்திரையைத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டபின் ஓர் ஆள் உள்ளே வருவதுபோல. இப்போது ‘எஸ்க்ரிவீய’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு ‘எஸ்க்ரிவியோ’ என்று மாற்றினால், தாத்தா பின்திரையிலிருந்து மேடைக்கு இறங்கிவிடுகிறார். மழை பெய்துகொண்டிருந்தது, தாத்தா ஒரு கடிதம் எழுதி முடித்தார், அதன்பிறகு யாரோ கூப்பிட்டார்கள். ஒரு வினையின் வால் மாறியதில் சம்பவங்களின் வரிசையே மாறிவிட்டது.

நெடுநேரம் நடந்தால் முடியாத கடந்தது, சட்டென்று நடந்தால் முடிந்த கடந்தது என்று ஒரு குறுக்குவழி வகுப்புகளில் உலவுகிறது. இதை நம்பிக் கெட்டவர்கள் பலர். ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி 711-ல் தொடங்கி, 1492-ல் கிரனாதா வீழ்ந்ததோடு முடிந்தது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு. ‘எட்டு நூற்றாண்டு ஆண்டார்கள்’ என்று சொல்ல ஸ்பானியர் ‘கொவெர்னாரொன்’ என்று முடிந்த கடந்ததைத்தான் போடுவார்கள். எவ்வளவு நீளம் என்பதல்ல கேள்வி. இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான். தமிழிலும் ‘எண்பது வருடம் வாழ்ந்தார்’ என்றுதானே சொல்கிறோம்? ‘எண்பது வருடம் வாழ்வார்’ என்றால் அது ஜோசியம்.

தமிழ்க் காது எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று சொல்லிவிட முடியாது. நிலைமையைச் சொல்லும் வினைகளில் அது ஏமாற்றும். ‘அவனுக்குப் பணம் தேவைப்பட்டது’ என்பது தமிழில் வெறும் இறந்தகாலம். ஸ்பானியர் அதை ‘நெஸெஸிதாவ’ என்று முடியாத கடந்ததில்தான் சொல்வார்கள். தேவை என்பது நடந்து முடிகிற காரியமல்ல, ஆளைச் சுற்றி நிற்கிற நிலை. விலை பேசும் வினை இன்னும் சுவையானது. ‘கொஸ்தாவ வேயின்தெ ஏவுரொஸ்’ என்றால் விலை இருபது யூரோ இருந்தது. வாங்கினாரா, விலையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாரா, தெரியாது. ‘கொஸ்தோ’ என்றால் இருபது யூரோ ஆயிற்று. பணம் பையிலிருந்து போய்விட்டது. ‘இருபது ரூபாய் சொன்னான்’ என்பதற்கும் ‘இருபது ரூபாய் ஆச்சு’ என்பதற்கும் உள்ள தூரம்.

‘கொனொஸேர்’ என்ற வினையில் இது உச்சத்துக்குப் போகிறது. ஒருவரைத் தெரிந்திருத்தல் என்பது அதன் பொருள். ‘கொனொஸீய’ என்றால் அவரை அப்போதே தெரியும். ‘கொனொஸீ’ என்றால் அவர் அறிமுகமானார், முதன்முதலாகச் சந்தித்த அந்தக் கணம். அகராதியில் இரண்டு வேறு சொற்களாகத் தோன்றும் அளவுக்குப் பொருள் விலகுகிறது. ஆனால் தமிழில் ‘தெரியும்’ என்பதையும் ‘தெரிந்தது’ என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ‘விஷயம் எனக்கு அப்போதே தெரியும்’ என்பது ஒரு நிலை. ‘விஷயம் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது’ என்பது ஒரு சம்பவம். அதே பிளவு, அதே இடத்தில்.

முடியாத கடந்தது காலத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை, நயத்துக்கும் வருகிறது. மத்ரித் கடையொன்றில் நுழைந்து ‘கெரீய உன் கஃபே’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘ஒரு காபி வேண்டியிருந்தது’ என்று பொருள். இப்போதே வேண்டும் என்பதுதான் விஷயம். வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்காமல் ஓர் அடி பின்னால் தள்ளி வைப்பது மரியாதை. தமிழிலும் ‘உங்களிடம் ஒரு விஷயம் பேசணும்னு இருந்தேன்’ என்று இதே தந்திரம் உண்டு. இதை வைத்து ஸ்பெயினில் ஒரு பழைய கேலி: ‘வேண்டியிருந்ததா? இப்போது வேண்டாமா?’ என்று பரிமாறுபவர் கேட்பார். ஆயிரம் தடவை கேட்டவர்கள்கூடச் சிரித்து வைப்பார்கள், காபி வரவேண்டுமே.

இவை இரண்டும் போதாதென்று மூன்றாவது ஒன்று ஓரத்தில் காத்திருக்கிறது. ‘எ தொமாதொ’, குடித்திருக்கிறேன். இன்று காலை காபி குடித்ததைச் சொல்ல மத்ரித்காரர் இதைத்தான் எடுப்பார். காலை போனாலும் ‘இன்று’ இன்னும் போகவில்லை என்பது அவர் கணக்கு. மெக்சிகோ நகரத்திலோ புவேனொஸ் ஐரெஸிலோ அதே காபிக்கு வெறும் ‘தொமே’ போதும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும் ‘தொமே’ பக்கம்தான் சாய்வார்கள். ‘காலைல காபி குடிச்சேன்’ என்று சொல்லும் தமிழரும் இந்தக் கட்சிதான்.

அமெரிக்கக் கண்டத்து வழக்குகளைக் கொச்சை என்று ஒதுக்காமல் இலக்கணம் எழுதியவர் அந்திரெஸ் பெய்யோ. 1781-ல் கராகஸில் பிறந்தவர். சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1847-ல் வெளியான தம் இலக்கணத்தை அமெரிக்கக் கண்டத்துச் சகோதரர்களுக்காகவே எழுதுவதாக, காஸ்திலியர்களுக்கு அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ‘தொமாவ’ வகைக்கு அவர் வைத்த பெயர் ‘உடன் கடந்தது’. கடந்துபோன வேறொன்றோடு உடன் நிகழ்ந்தது என்று பொருள். நெப்ரிஹா முடிந்ததா என்று பார்த்தார். பெய்யோ எதோடு சேர்ந்து நடந்தது என்று பார்த்தார். மெக்சிகோப் பள்ளிகளில் இன்றும் பெய்யோவின் பெயர்தான். ஸ்பெயினில் அச்சான பாடநூலையும் மெக்சிகோவில் அச்சான பாடநூலையும் ஒன்றாக வாங்கும் மாணவர் இரண்டு வெவ்வேறு காலங்கள் என்று நினைத்து இரண்டையும் தனித்தனியே படித்தாலும் ஆச்சரியமில்லை.

கடைசியாக, பாடநூல்கள் பின்னிணைப்பில்கூடச் சேர்க்கத் தயங்கும் ஒரு பயன்பாடு. ஸ்பானியக் குழந்தைகள் வீடு வைத்து விளையாடும்போது யார் யார் என்ன வேஷம் என்று முடிவு செய்வார்கள் இல்லையா? அப்போது அவர்கள் நிகழ்காலத்தில் பேசுவதில்லை. முடியாத கடந்ததில் பேசுகிறார்கள். ‘யோ யெகாவ இ தூ யொராவஸ்.’ சொல்லுக்குச் சொல் எடுத்தால், நான் வந்துகொண்டிருந்தேன், நீ அழுதுகொண்டிருந்தாய். எதுவும் இன்னும் நடக்கவில்லை. நடக்கப்போகும் விளையாட்டுக்கு இது ஒத்திகை. இலக்கண நூலார் இதற்கு விளையாட்டுக் கடந்தகாலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எந்த மொழிபெயர்ப்பாளரையும் தேடிப் போகவேண்டாம். தெருவில் விளையாடும் ஆறு வயதுப் பெண்ணைக் கேட்டால் போதும்: ‘நான் வந்தேனாம், நீ அழுதுகிட்டு இருந்தியாம்.’